குழந்தைத் துணி தைத்து விற்பவர்களுக்கு: கத்தரியை எடுக்குமுன் லேபிளை எழுதிவிடுங்கள்

2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நான் தைத்த 140 உருப்படிகள் நியூஜெர்சியில் ஒரு வீட்டுக் கூடத்தில் பெட்டியோடு கிடந்தன. விற்க முடியவில்லை. துணியில் பழுது இல்லை, தையலில் பழுது இல்லை, அளவு சரி, வாங்க ஆளும் இருந்தது. கழுத்துக்கு உள்ளே இருக்க வேண்டிய இரண்டு விரல் அகலத் துண்டு இல்லை, அவ்வளவுதான். அந்தத் துண்டுக்காக என் கையிலிருந்து 29,000 ரூபாய் போனது, அதோடு ஐந்து மாத உழைப்பும். யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் மெஷின் போட்டுப் பிள்ளைத் துணி தைக்கிற பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் வெளிநாட்டில் ஒரு சொந்தமோ தெரிந்தவரோ இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒருநாள் இப்படி ஒரு ஆர்டர் வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கோட்டையூர். என் மகள் பிறந்தபோது வீட்டுக்காரருடைய பழைய வேட்டியைக் கிழித்து ஜப்ளா தைத்ததுதான் ஆரம்பம். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், அவர்களைப் பார்த்து இன்னொருத்தர் கேட்டார். குன்றக்குடியில் முடியிறக்கக் கிளம்புகிறவர்கள், காது குத்து வைத்திருப்பவர்கள் எல்லாம் பாவாடை சட்டை கேட்டு வர ஆரம்பித்தார்கள். காரைக்குடித் தறிக்காரர்களிடம் கண்டாங்கியில் துண்டு விழுவதை வாங்கி அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கவுன் தைத்தேன், அதற்கென்றே தேடி வந்தார்கள். இப்போது என்னோடு இரண்டு பேர் தைக்கிறார்கள். எட்டு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட "இதில் லேபிள் எங்கே" என்று கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை. கம்பெனித் துணிக்குத்தான் லேபிள், கையால் தைப்பதற்கு எதற்கு என்பதுதான் என் மனதில் இருந்தது. இப்படி நினைப்பவர்கள் முதலில் அதை விடுங்கள். ஒன்று தைத்தாலும் ஆயிரம் தைத்தாலும், வீட்டுத் திண்ணையில் தைத்தாலும் ஃபேக்டரியில் தைத்தாலும், விற்பனை என்று வந்துவிட்டால் விதி பொதுதான்.

ஆர்டர் கொடுத்தது எங்கள் தெரு ஆச்சி ஒருவருடைய மகள். கல்யாணமாகி நியூஜெர்சி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த ஜூனில் ஊருக்கு வந்தபோது என் மகளுடைய கவுனைப் பார்த்துவிட்டு, "அக்கா, அங்க நம்ம ஆளுங்க இதுக்குத் தவம் கிடப்பாங்க, தீபாவளிக்கு ஒரு பெட்டி அனுப்புங்க, ஒரு கடையிலயும் பேசிட்டேன்" என்றாள். கவுன் 60, பாவாடை சட்டை 50, ராத்திரி போடும் நீள கவுன் 30. மொத்தம் 95,000 ரூபாய், முன்பணம் 30,000. எனக்கு அது வரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். துணிக்கும் பட்டன் சரிகைக்கும் 38,400, கூலி 21,000 ஆனது. செப்டம்பர் கடைசியில் பெட்டி போய்ச் சேர்ந்தது. அமெரிக்கச் சுங்கத்தில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, அதனால்தான் விட்டார்கள் என்று நினைத்தோம். அது பெரிய தப்பு. சுங்கத்தில் விட்டுவிட்டார்கள் என்றால் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று மட்டுந்தான் பொருள். விற்கும் இடத்தில் வந்து மாட்டினால் பொறுப்பு அங்கே இறக்குமதி செய்தவர் தலையில் விழும், அதாவது அந்தப் பெண் தலையில்.

அக்டோபரில் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. "அக்கா, எல்லாம் ரொம்ப அழகா இருக்குன்னாங்க. ஆனா கடைக்காரம்மா கழுத்தைத் திருப்பிப் பாத்துட்டு வேணாம்ட்டாங்க. லேபிள் எங்கேன்னு கேக்குறாங்க, டெஸ்ட் ரிப்போர்ட் எங்கேன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல." காலையில்தான் கேட்டேன். கேட்டதும் கை கால் ஓடவில்லை. முதலில் அந்தக் கடைக்காரம்மா மேல்தான் கோபம் வந்தது, வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று. நாலு நாள் உட்கார்ந்து அந்த ஊர் அரசு வலைப்பக்கங்களை என் தங்கை மகனை வைத்துப் படிக்கப் படிக்கத்தான், அவர் எங்களைக் காப்பாற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் வாங்கி விற்றிருந்தால் எங்கே போய் நின்றிருப்போமோ.

சரி, அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதை எனக்குப் புரிந்த வரிசையில் சொல்கிறேன். பெரியவர், சிறியவர் யார் உடுத்தும் துணியானாலும் நான்கு விஷயம் வேண்டும். என்ன நூல், நூற்றுக்கு எத்தனை பங்கு. எந்த நாட்டில் தைத்தது. யார் தயாரித்தது அல்லது இறக்குமதி செய்தது. எப்படித் துவைப்பது. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நாட்டின் பெயர் கழுத்தின் உள்பக்கம், இரண்டு தோள் தையலுக்கும் நடுவில், திருப்பியதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மற்றவை பக்கத் தையலில் இருக்கலாம். பச்சைப் பிள்ளைக்குக் கழுத்தில் நாலு மடிப்பு ரிப்பன் உறுத்தும் என்பதால், கழுத்தில் நாடு மட்டும், மீதி எல்லாம் இடுப்புக்குக் கீழே பக்கத் தையலில் என்று பிரித்துக்கொள்வது நல்லது. தயாரித்தவர் பெயருக்குப் பதிலாக ஆர்என் என்று ஓர் எண் போடலாம் என்று படித்துவிட்டு அதற்கு விண்ணப்பிக்கவே இரண்டு நாள் செலவழித்தேன். அந்த எண் அமெரிக்காவில் தொழில் செய்பவர்களுக்கு மட்டுந்தான் தருகிறார்கள். நமக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை, நம் கடைப் பெயரையோ அங்கே இறக்குமதி செய்பவர் பெயரையோ முழுதாகப் போட்டால் போதும்.

பிள்ளைத் துணிக்கு இதற்கு மேலும் உண்டு. 2008-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான எல்லாப் பொருளுக்கும். அதன்படி 2009 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு உருப்படியிலும், முடிந்தால் அதன் உறையிலும், கழுவினாலும் போகாத ஓர் அடையாளம் வேண்டும்: யார் செய்தது, எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தத் தொகுதியில், அதாவது எந்தத் தடவை சேர்த்துத் தைத்ததில். டிராக்கிங் லேபிள் என்கிறார்கள். நாளை ஒரு பட்டனில் கோளாறு என்றால், அந்தப் பட்டன் எந்தெந்த உருப்படியில் போயிருக்கிறது என்று தேடித் திருப்பி வாங்க அதுதான் வழி. அதோடு குழந்தைப் பொருள் சான்றிதழ் என்று ஒன்று, இறக்குமதி செய்பவர் கொடுக்க வேண்டியது. அவர்களுடைய நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தின் சோதனை முடிவை வைத்துத்தான் அதைக் கொடுக்க முடியும். சிறு தயாரிப்பாளர்களுக்கு வெளி ஆய்வகச் சோதனையில் சில சலுகைகள் உண்டு. ஆனால் சோதனையில்தான் சலுகையே தவிர விதியில் இல்லை. பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்ற சோதனைக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயம் போட்டதோ போடாததோ, வெறும் நூல் துணிக்கு ஈயச் சோதனை வேண்டாம். அதன்மேல் ஸ்கிரீன் பிரிண்ட், ஒட்டுப் படம் என்று ஏதாவது ஏறினால் அதற்கு வேண்டும். டிச் பட்டன், ஜிப், பெயிண்ட் அடித்த பட்டன் எல்லாவற்றுக்கும் வேண்டும். பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக்கூடாது, பூச்சில் 90. அதனால் அடுத்த முறை தைப்பவர்கள் டிசைன் போடும்போதே யோசியுங்கள். கட்டம் நூலிலேயே வந்த துணி, துணியாலேயே சுற்றிய பட்டன், நாடா முடிச்சு என்று போனால் சோதனைச் செலவு பாதிக்கு மேல் குறையும். நான் செய்தது நேர்மாறு. 18 கவுன்களில் முயல் முகம் வரைந்த கலர் பட்டன் கவுனுக்கு மூன்று வைத்திருந்தேன். மதுரையில் டஜன் கணக்கில் வாங்கியது, பார்க்க அவ்வளவு அழகு. திருப்பூர் ஆய்வகத்துக்கு அனுப்பியதில் மற்றதெல்லாம் தேறிவிட, இந்தப் பட்டனின் பூச்சில் ஈயம் அளவுக்கு மேல். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு நியூஜெர்சி ஞாபகம் வரவில்லை. அதே பட்டனை இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், வாயில் வைத்துச் சப்பாத பிள்ளை உண்டா என்றுதான் நினைத்தேன். நோட்டைப் புரட்டி ஞாபகம் இருந்த பதினோரு வீட்டுக்குப் போய்ப் பட்டனை மாற்றிக் கொடுத்தேன். மீதிப் பேர் யார் என்று எழுதி வைக்கவில்லை. அந்த டிராக்கிங் லேபிள் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நூல் விஷயத்தில் பட்டது வேறு கதை. லேபிளில் "நூற்றுக்கு நூறு பருத்தி" என்று அச்சடிக்கச் சொல்லப் போகும் நேரம், திடீரென்று ஒரு சந்தேகம். பாவாடைக்குக் கண்டாங்கித் துண்டு போதாமல் மொத்தக் கடையில் அதே மாதிரிக் கட்டத்தில் மீட்டர் துணி 40 மீட்டர் வாங்கியிருந்தேன். அடுப்படியில் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, தறியில் வாங்கிய துண்டிலிருந்து ஊசியால் ஒரு இழையை உருவிக் காட்டினேன். காகிதம் எரிகிற வாடை வந்தது, நிதானமாக எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. அடுத்து கடைத் துணியின் இழை. தீ கிட்டப் போகும்போதே சுருண்டது, உருகியது, நுனியில் கடுகு மாதிரிக் கறுப்பு உருண்டை நின்றது. ஆறவிட்டு நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. பாலியஸ்டர். இரண்டு இழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தத் துணியைக் கையில் கொடுத்து "சுத்தக் காட்டன், பிள்ளைக்கு வேர்க்காது" என்று எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன்!

மறுநாள் கடைக்குப் போய், "அண்ணே, காட்டன்னுதானே குடுத்தீங்க" என்றேன். "காட்டன் மாதிரித்தாம்மா. சுருங்காது, சாயம் போகாது, அதுக்குத்தான் கலந்து வருது, எல்லாரும் காட்டன்னுதான் கேட்டு வாங்குறாங்க" என்றார். அவர் பொய் சொல்வதாகவே அவருக்குப் படவில்லை. ஆய்வகத்தில் 65-க்கு 35 பாலியஸ்டர் பருத்தி என்று வந்தது, அப்படியே லேபிளில் போட்டோம். ஆகவே நூல் பெயரை யார் வாய்ச்சொல்லையும் நம்பி எழுதாதீர்கள். எரித்துப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்க மட்டுந்தான், எத்தனை பங்கு என்று அது சொல்லாது, கலப்பு என்று தெரிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் அல்லது ஆலையிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். நம் கடைகளில் சொல்கிற ஆர்ட் சில்க், சாஃப்ட் சில்க் எல்லாம் நூல் பெயர் ஆகாது. பட்டு என்றால் பட்டுப்புழுவின் பட்டு மட்டுந்தான், மற்றது ரேயானோ பாலியஸ்டரோ அந்தப் பெயரில்தான் வர வேண்டும். அதேபோல் கண்டாங்கி என்ற பெயரும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறியில் வந்த கட்டத் துணிக்கு அந்தப் பெயரை ஒட்டுவது தறியில் உட்கார்ந்து முதுகு ஒடிகிறவர்களின் கூலியைத் திருடுவது போல. தெரியாமல் நானும் கொஞ்ச நாள் அதைச் செய்திருக்கிறேன். இனி மாட்டேன்.

இப்போது அந்த 30 ராத்திரி கவுன்கள். அதில்தான் மொத்தமாக அடிபட்டேன். கையில்லாத, காற்றாடும், கணுக்கால் வரை தொங்குகிற மெல்லிய பருத்தி கவுன், கீழே இரண்டு அடுக்கு சுருக்கு. நம் வெயிலுக்கு அதைவிடச் சுகமான உடுப்பு கிடையாது. அமெரிக்காவில் ஒன்பது மாத அளவுக்கு மேல் 14-ஆம் அளவு வரை பிள்ளைகள் தூங்கும்போது போடும் உடுப்பு, ஒன்று எளிதில் தீப்பிடிக்காத துணியாக இருக்க வேண்டும், அல்லது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ஒட்டி என்றால் மார்பு, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கு இருக்கிறது. தொளதொளவென்ற பருத்தி எந்த வகையிலும் தேறாது. "அக்கா, நைட் டிரஸ்ஸுன்னு சொல்லாம சும்மா கவுன்னு போட்டு வித்துடலாமா" என்று ஆச்சி மகள் கேட்டாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, 16,500 ரூபாய்ச் சரக்கு. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, துணியின் மாதிரி என்ன, எதற்கென்று விளம்பரம் செய்தீர்கள், பிள்ளைகள் எதற்கு உடுத்தப் போகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அவளோ தலையணை, கட்டிலோடு படம் எடுத்து ஏற்கனவே எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

விதி ஏன் இவ்வளவு கடுமை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நவம்பர் 26 கார்த்திகை தீபம். வாசலில் வரிசையாக அகல் வைத்திருந்தோம். என் மகள் அதே மாதிரிக் கவுனில் சட்டென்று திரும்பியபோது கீழ்ச் சுருக்கு ஒரு அகலை உரசியது. நுனியில் பிடித்த தீ, நான் ஓடி வருவதற்குள் ஒரு சாண் ஏறிவிட்டது. ஈரத் துண்டால் அமுக்கிவிட்டேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கவுனை இன்னும் வைத்திருக்கிறேன், கருகிய விளிம்போடு. அதன் பிறகு அந்த 30 கவுனைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. இங்கே வாங்குபவர்களிடம் அப்படிக் கேட்டால் தைத்துக் கொடுக்கிறேன், ஆனால் சுருக்கு வைப்பதில்லை, அடுப்பு விளக்குக் கிட்ட உடுத்தவிட வேண்டாம் என்று வாயாலும் சொல்கிறேன், ஒரு சீட்டிலும் எழுதிக் கோர்க்கிறேன்.

பகலில் போடும் கவுனுக்கும் தீ விதி உண்டு, ஆனால் எளிது. மேலே பிசிறோ பூவோ இல்லாத வழவழப்பான துணி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 88 கிராமுக்கு மேல் எடை இருந்தால் சோதனையே வேண்டாம். நம் கண்டாங்கி தடிமன், தாராளமாகத் தேறும். மல் துணிதான் பிரச்சினை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது: பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றைச் சரியாக வெட்டுங்கள், நிறுங்கள், நூறால் பெருக்குங்கள். சமையல் தராசில் அவ்வளவு சின்ன எடை காட்டாது. தங்க வேலை செய்கிற பட்டறையில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். நான் கொண்டுபோன உள்துணி 0.68 கிராம் காட்டியது, அதாவது 68. "என்னம்மா, துணியத் தங்கம் மாதிரி நிறுக்கிறீங்க" என்று அந்த ஆசாரி கேட்டார். உள்துணியையும் சேர்த்துத்தான் திருப்பூருக்கு அனுப்ப வேண்டி வந்தது.

துவைக்கும் குறிப்பை எல்லோரும் கடைசியில் ஏனோதானோ என்று போடுகிறார்கள். அதையும் செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும். அரக்குக் கட்டத் துண்டை ஒரு வெள்ளை வேட்டித் துண்டோடு சேர்த்து வாளியில் ஊறப்போட்டேன். முதல் தடவை வெள்ளை ரோஸானது, மூன்றாம் தடவைக்குப் பிறகுதான் நின்றது. ஆகவே "தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்" என்று போட்டோம். லேபிள் துணியையே சோதிப்பதும் முக்கியம். முதலில் காசு மிச்சம் பிடிக்கப் பருத்தி நாடாவில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திப் பார்த்தேன், ஆறாவது துவைப்பில் எழுத்து மங்கிவிட்டது. உடுப்பு இருக்கும் வரை படிக்க முடிய வேண்டும் என்பது விதி. அப்புறம் திருப்பூரில் சாட்டின் ரிப்பனில் அச்சடித்தேன், 1000 லேபிளுக்குக் குறைந்து எடுக்க மாட்டேன் என்றார்கள், 3,600 ரூபாய். தொகுதி எண்ணும் மாதமும் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் அதை இதில் சேர்க்காமல் தனிச் சின்ன லேபிளாக வைத்துக்கொண்டால் மீதி வீணாகாது. இந்த யோசனை எனக்கு 1000 அடித்த பிறகுதான் வந்தது.

பெட்டியைத் திருப்பி வரவழைக்கக் கேட்டதில் கூரியர் கூலி மட்டுமே கட்டுபடியாகாது என்று தெரிந்தது. லேபிளை மட்டும் இங்கிருந்து 2,900 ரூபாய் கட்டி அனுப்பினேன். அங்கே ஒரு தையல்காரம்மா உருப்படிக்கு மூன்று டாலர் வீதம் 110 உருப்படிக்கும் பக்கத் தையலைப் பிரித்து லேபிள் வைத்து மூடினார், முயல் பட்டனைக் கழற்றிவிட்டு நான் அனுப்பிய சிரட்டைப் பட்டனையும் தைத்தார். 330 டாலர், அன்றைய கணக்கில் 27,400 ரூபாய், அதை என் பாக்கியில் கழித்துக்கொண்டோம். ஆய்வகத்துக்கு 14,200. ராத்திரி கவுனுக்கான 16,500-ஐ விட்டுக்கொடுத்தேன். கடைசியில் ஆச்சி மகள் அனுப்பியது 21,100, முன்பணத்தோடு சேர்த்து 51,100. என் செலவு 80,100. தீபாவளி போய்விட்டது, பொங்கலுக்குத்தான் கடையில் ஏறியது. கூலிக்காக ஒரு வளையலை அடகு வைத்தேன், மீட்க அடுத்த சித்திரை ஆனது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அத்தை மட்டும் தினமும் டீ போட்டுக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

லேபிளைத் தைக்கும்போதே ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். தைத்து முடித்த பிறகு பிரித்துச் சேர்க்க அரை மணி நேரம். சோதனைக்கும் அப்படித்தான், அதே துணி, அதே பட்டனில் மிச்சம் இருந்தால்தான் அனுப்ப முடியும். கூடையில் மிச்சத் துண்டு கிடந்ததால் தப்பித்தேன். இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம்: துணி எங்கே வாங்கியது, பில் நகல், பட்டன் எங்கே வாங்கியது, தைத்த தேதி, யார் யாருக்குப் போனது. பக்கத்தில் உள்ளங்கை அளவு துணித்துண்டும் ஒரு பட்டனும் ஊசியில் குத்தி வைத்திருக்கிறேன்.

வேறு சில விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு விற்க ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வேண்டும், ஆன்லைனிலேயே 500 ரூபாய் கட்டி எடுக்கலாம், ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் தீர்வையில்லை என்று இருந்தது 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து இல்லை, பழைய கணக்கில் விலை பேசிவிடாதீர்கள். ஐரோப்பாவில் யாராவது கேட்டால் பின்கழுத்தில் குஞ்சலம் வைத்து நாடா தொங்கவிடும் சட்டையை அனுப்ப வேண்டாம், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது என்பது அங்கே உள்ள தரம். ஊஞ்சலிலோ சறுக்கிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். மிச்சத் துணியில் பொம்மை செய்கிறவர்கள் கவனமாக இருங்கள், பொம்மை துணிக் கணக்கில் வராது. நம் நாட்டிலேயே 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், கைவினைஞராகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு, அந்தப் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு. போன வருடம் ஒரு கண்காட்சியில் கடை போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் அழகான கவரில் போட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார், கவரில் ஒரு எழுத்தும் இல்லை. தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்து பொட்டலப் பொருள் விதிப்படி வழக்கு எழுதிவிட்டார், அபராதம் ஆயிரக்கணக்கில். பொட்டலமாகக் கட்டி விற்றால் தயாரித்தவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், எத்தனை, மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, அளவு, புகாருக்குப் போன் நம்பர், மெயில் எல்லாம் வேண்டும், பொட்டலம் கட்டுபவராக 500 ரூபாய் கட்டிப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். பிரித்துத் தொங்கவிட்டு விற்கும் துணிக்கு 2022-இல் சலுகை கொடுத்தார்கள். பொருளின் பெயர், தயாரித்தவர் முகவரியும் தொடர்பு எண்ணும், அளவு, விலை என்று நான்கு போதும். நான் தொங்கவிட்டுத்தான் விற்றேன், நான்கும் இருந்தன, நிமிர்ந்துதான் நின்றேன். ஆய்வாளர் ஒரு பாவாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு 2-3 வயசுன்னு மட்டும் போட்டிருக்கீங்களேம்மா, எஸ், எம் மாதிரிக் குறியும் சென்டிமீட்டரும் போடணும்" என்றார். மன்னித்து விட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்து இருந்த 64 உருப்படியையும் தரையில் பரப்பி, அத்தை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மார்பு அளவையும் உயரத்தையும் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும்போது மணி இரண்டு.